"எல்லாம் கனவு மாதிரி இருக்கு" என்று சொல்பவரை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு

பொது மருத்துவம் பார்க்கும் நண்பர்களுக்கும், காது மூக்கு தொண்டை, கண், நரம்பியல் துறைகளில் இருக்கும் தோழர்களுக்கும் இந்த மடல்.

நான் மனநல மருத்துவன். இந்த மடலை என் துறைக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. டீபர்சனலைசேஷன்–டீரியலைசேஷன் கோளாறு உள்ளவர் நேராக எங்களிடம் வருவதில்லை. தலைசுற்றல் என்று காது மருத்துவரிடம் போகிறார். பார்வை ஒரு மாதிரி இருக்கிறது என்று கண் மருத்துவரிடம் போகிறார். மண்டை மரத்துப்போச்சு என்று நரம்பியலுக்குப் போகிறார். இடையிடையே தெருமுனைக் கிளினிக்கில் சத்து ஊசி போட்டுக்கொள்கிறார். எல்லாச் சோதனையும் நார்மல் என்று வந்த பிறகு, அப்படியானால் தனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு கடைசியாக எங்கள் வாசலுக்கு வருகிறார். இந்த நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக 7 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்று பிரிட்டனில் இதில் வேலை செய்யும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது உங்கள் எதிரில்.

இதில் இரண்டு அனுபவங்கள் உண்டு. தன் உடம்பு, எண்ணம், உணர்ச்சி எல்லாவற்றிலிருந்தும் தானே விலகி நின்று வேடிக்கை பார்ப்பது போன்ற உணர்வு டீபர்சனலைசேஷன். சுற்றியிருக்கும் உலகம் உயிரில்லாமல், தட்டையாக, கனவில் பார்ப்பது போலத் தெரிவது டீரியலைசேஷன். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு முன்பு டீபர்சனலைசேஷனை மட்டும் தனி நோயாக வைத்திருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒரே நோயாகச் சேர்த்தது.

இந்த உணர்வு எட்டிப் பார்த்துவிட்டுப் போவது நோயல்ல. வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்தவர்கள் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருப்பார்கள். இரண்டு இரவு தூங்காமல் டூட்டி பார்த்துவிட்டு விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது உங்களில் பலருக்கே வந்திருக்கும். சாவு வீட்டில் எல்லோரும் கதறும்போது பெற்ற மகள் மட்டும் கண்ணீரே இல்லாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். விபத்தில் வண்டி உருளும்போது எல்லாம் மெதுவாக, யாருக்கோ நடப்பது போல நடந்தது என்று தப்பித்தவர்கள் சொல்வதும் இதைத்தான். தாங்க முடியாத நேரத்தில் மூளை செய்யும் காரியம் அது. ஆபத்து போனதும் அதுவும் போய்விடும். போகாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப வந்து படிப்பையும் வேலையையும் முடக்கினால், அதுதான் நோய்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 19. நீட் தேர்வுக்கு இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் ஓர் இரவு திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, அறையே தூரமாகப் போய்விட்டது போல இருந்திருக்கிறது. படபடப்பு அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தூரம் மட்டும் போகவே இல்லை. என்னிடம் வரும்போது அது பல மாதப் பழக்கமாகியிருந்தது. அப்பா கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மூளை ஸ்கேன், ஈ.ஈ.ஜி., தைராய்டு, பி12, புதிய மூக்குக் கண்ணாடிக்கான சீட்டு, காதுக்கான மாத்திரை அட்டைகள். கடைசியாக ஓரிடத்தில் மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தொடங்கியிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட பிறகு உடம்பு போட்டுவிட்டது, தூக்கம் அழுத்தியது, மரத்துப்போன உணர்வு இன்னும் கூடியது.

அவள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். பேசிக்கொண்டே வலது கைக் கட்டைவிரல் நகத்தால் இடது உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த பிறைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏன் என்று கேட்டேன். "கை என்னோடதுதானான்னு பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அம்மாவோட போன்ல பேசுறேன். அம்மாதான் பேசுறாங்கன்னு தெரியுது. ஆனா அம்மாங்கற அந்த இது வரலை" என்றாள். "இது நிஜமாவே கனவுன்னு நினைக்கிறியாம்மா?" என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்தாள். "இல்ல டாக்டர். கனவு இல்லன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அப்படியே இருக்கறதுதான் பயமா இருக்கு."

நண்பர்களே, இந்தக் கடைசிப் பதிலில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. உலகம் மாறவில்லை, தன் உணர்வுதான் மாறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. மனச்சிதைவில் இந்தத் தெளிவு இருக்காது. "என் உடம்புக்குள்ள வேற யாரோ வந்துட்டாங்க", "இந்த ஊரையே செட் போட்டு மாத்தி வச்சிருக்காங்க" என்று அவர் உறுதியாகச் சொல்வார். சந்தேகப்பட்டால் நம்மோடு சண்டைக்கு வருவார். டீபர்சனலைசேஷன் உள்ளவரோ ஒவ்வொரு வாக்கியத்திலும் "மாதிரி", "போல" என்று சேர்த்துக்கொண்டே இருப்பார். தன்னைத்தானே ஓயாமல் சந்தேகப்படுவார். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நம்மைவிட அவர்தான் அதிகம் பயந்துகொண்டிருப்பார். நிஜம் எது என்று சோதித்து அறியும் திறன் குறையாமல் இருப்பதை டி.எஸ்.எம்.-5 இந்த நோய்க்கு ஒரு நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், "நான் நானா இல்லை" என்ற வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மனச்சிதைவு மாத்திரை எழுதுவது இளம் உயிர்களுக்கு நாம் இழைக்கும் பெரிய தீங்கு.

எத்தனை பேருக்கு இது இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் என்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வருகிறது. ஆனால் ஜெர்மனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கீழிருந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஓராண்டில் இந்த நோயின் பெயர் எழுதப்பட்டிருந்தது 0.007 சதவீதத்தினருக்குத்தான். லட்சத்துக்கு 7 பேர். மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? மனச்சோர்வு, பதற்றம், தலைசுற்றல், ஒன்றுமில்லை என்ற பெயர்களுக்குள் போய்விட்டார்கள். நல்ல வசதியுள்ள நாட்டில் நிலைமை அது. கூட்டம் வழியும் நம் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள்.

தவறவிடுவதற்கு மருத்துவர் மட்டும் காரணமில்லை. நோயாளிக்குச் சொல்ல வராது. பசி, வலி, காய்ச்சல் என்று சொல்லிப் பழகிய வாயில் இது வார்த்தையாக வராது. "ஒரு மாதிரியா இருக்கு" என்பார். "என்ன மாதிரி?" என்று நாம் கேட்டால் திணறுவார், பிறகு நமக்குப் புரிகிற ஒன்றை எடுத்துக் கொடுப்பார்: தலைசுற்றல், மயக்கம், பார்வை மங்கல். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கேள்வி நம்மிடமிருந்துதான் வர வேண்டும். ஜெர்மன் ஆய்வாளர்கள் பொது மருத்துவமனையில் பயன்படுத்துவதற்காக நீண்ட வினாப்பட்டியலை இரண்டே கேள்விகளாகச் சுருக்கினார்கள். ஒன்று தன்னைப் பற்றியது, மற்றொன்று சுற்றியுள்ளதைப் பற்றியது. நான் கேட்பது இப்படி: "சில நேரம் நீங்களே நிஜமில்லாத மாதிரி, உங்களை நீங்களே தள்ளி நின்னு பாக்கற மாதிரி இருக்கா?" "சுத்தி இருக்கறதெல்லாம் கண்ணாடிக்கோ பனிக்கோ அந்தப் பக்கம் இருக்கற மாதிரி தெரியுதா?" கேட்ட உடனே நோயாளியின் முகத்தைப் பாருங்கள். இருக்கிறவருக்குக் கண் கலங்கும். "ஆமா டாக்டர், அதேதான், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். இல்லாதவர் என்ன கேட்கிறீர்கள் என்று புரியாமல் விழிப்பார். இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் கேள்விகள் என் துறையில் அதிகம் இல்லை.

ஆம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் துருவுங்கள். தன் குரல் வேறு யாரோ பேசுவது போலக் கேட்கிறதா? கண்ணாடியில் முகம் அந்நியமாகத் தெரிகிறதா? நேற்று நடந்தது ரொம்ப நாளுக்கு முன் நடந்தது போல இருக்கிறதா? பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, பெற்ற பிள்ளை, எதைப் பார்த்தாலும் மனசு அசையாமல் இருக்கிறதா? ஆழமாகப் பார்க்க விரும்பினால் கேம்பிரிட்ஜ் டீபர்சனலைசேஷன் அளவுகோல் என்ற 29 கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. மவுரிசியோ சியராவும் ஹெர்மான் பெரியோஸும் 2000-இல் வெளியிட்டது. கடந்த 6 மாதத்தை வைத்து ஒவ்வொரு அனுபவமும் எத்தனை தடவை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 70-க்கு மேல் போனால் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அவசரமான வெளிநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டு கேள்வி போதும்.

வயதைப் பாருங்கள். சராசரியாக 16 வயதில் தொடங்குகிறது. 20 வயதுக்குப் பிறகு தொடங்குவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 25-க்குப் பிறகு 5 சதவீதம்தான். ஆகவே பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை உள்ள பிள்ளைகள் இந்தப் புகாரோடு வந்தால் இந்த நோய் உங்கள் நினைவில் முதல் வரிசையில் இருக்கட்டும். அதே புகார் 45 வயதில் முதல்முறையாக வந்தால் அவ்வளவு எளிதாக இந்தப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கேதான் ஸ்கேனுக்கும் ஈ.ஈ.ஜி.க்கும் வேலை இருக்கிறது.

நரம்பியல் தோழர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெம்போரல் லோப் வலிப்பில் இதே கனவு நிலை வரும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் எழுதியிருக்கிறார். வேறுபாடு கால அளவிலும் அச்சிலும் இருக்கிறது. வலிப்பில் வருவது சில நொடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம். ஒவ்வொரு தடவையும் ஒரே அச்சில் வார்த்தது போல வரும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், இல்லாத நாற்றம் அடிக்கும், வாய் தானாக மெல்லும், கூப்பிட்டால் பதில் வராது, பிறகு குழம்பி நிற்பார். டீபர்சனலைசேஷன் கோளாறில் உணர்வு மணிக்கணக்கில், நாள்கணக்கில் படர்ந்து கிடக்கும். நினைவு தப்பாது, பேச்சு தெளிவாக இருக்கும். ஒற்றைத் தலைவலியோடும், தலையில் அடிபட்ட பிறகும் இது வரலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காது மருத்துவர்களுக்கு ஒரு செய்தி மகிழ்ச்சி தரும். இந்த நோயாளிகளை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் உங்கள் துறைக்காரர். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் தொண்டை மருத்துவராக இருந்த மொரிஸ் கிரிஷாபேர், 1873-இல் 38 நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பதற்றம், தலைசுற்றல், அவற்றோடு உலகம் நிஜமற்றுப்போன உணர்வு. புலன்கள் வழியே வரும் செய்தி கெட்டுப்போவதால்தான் இப்படி ஆகிறது என்று அவர் நினைத்தார். பிறகு அந்தக் கருத்தை உளவியலாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1898-இல் லுடோவிக் துகா என்ற பிரெஞ்சுக்காரர்தான் டீபர்சனலைசேஷன் என்ற பெயரை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஜெனீவாவில் வாழ்ந்த ஆமியேல் என்ற தத்துவப் பேராசிரியரின் நாட்குறிப்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். ஆனால் கிரிஷாபேர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. உட்காதுக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உணர்வுகள் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன என்றும், நல்ல உடல்நிலையில் இருப்பவரின் காதில் குளிர்ந்த நீர் விட்டுச் சோதிக்கும்போதுகூட இது எட்டிப் பார்க்கிறது என்றும் 2006-இல் ஒரு லண்டன் ஆய்வு காட்டியது. எனவே உங்களிடம் வருபவருக்கு உண்மையிலேயே காதில் கோளாறு இருக்கலாம். அதோடு இதுவும் இருக்கலாம். ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்றொன்றைக் கேட்காமல் விட வேண்டாம்.

பதற்ற நோயும் மனச்சோர்வும் இதோடு கைகோத்தே வரும். பேனிக் தாக்குதலின்போது மட்டும் இந்த உணர்வு வந்து தாக்குதலோடு போய்விட்டால், அதைப் பேனிக் நோயின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். தாக்குதல் அடங்கிய பிறகும் நின்றால் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். மனச்சோர்வில் எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் இதில் உணர்ச்சி மரத்துப்போவதும் பார்க்க ஒன்று போலத் தெரியும். எது முதலில் தொடங்கியது, சோர்வு நீங்கிய நாட்களிலும் இந்த விலகல் இருந்ததா என்று கேட்டால் பிரிந்துவிடும். கொடுமையான ஒன்றை அனுபவித்தவர்களுக்கு, பி.டி.எஸ்.டி.யின் ஒரு வடிவமாக இது வருவதும் உண்டு.

கஞ்சாவைப் பற்றிக் கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். ஒரே ஒரு தடவை இழுத்த பிறகு தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த பிள்ளைகளை எங்கள் துறையில் எல்லோருமே பார்த்திருக்கிறோம். கீட்டமின், எல்.எஸ்.டி. போன்றவையும் இதைக் கிளப்பும். போதை உடம்பில் இருக்கும் நேரத்தில் மட்டும் வருவது இந்த நோயல்ல. இறங்கிய பிறகும் நின்றால்தான் கணக்கு. ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையனும் உண்மையைச் சொல்ல மாட்டான். "அண்ணே, கொஞ்சம் வெளிய உக்காருங்க, தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கஞ்சா மட்டுமல்ல, கையைக் கீறிக்கொள்கிறானா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதும் தெரியவரும். உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே உடம்பைக் காயப்படுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். சிறுவயதில் வார்த்தையால் பட்ட காயங்களுக்கும், ஓயாத ஏச்சுக்கும் அவமதிப்புக்கும் இந்த நோயோடு தொடர்பு இருப்பதை நியூயார்க்கில் டாஃப்னே சிமியோன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அடிக்காமல் வளர்த்தோம் என்று பெற்றோர் சொல்லும் வீட்டிலும் இது நடந்திருக்கும்.

நம் ஊரில் இன்னொரு பக்கமும் உண்டு. தன்னைத் தானே விலகி நின்று பார்ப்பதைச் சாதனையாக மதிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். தியானத்தில் அமர்ந்து, விரும்பி, ஒரு குருவின் துணையோடு அந்த நிலைக்குப் போகிறவரை நோயாளி என்று சொல்லக் கூடாது என்பதை டி.எஸ்.எம்.-5-உம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நடுங்கிக்கொண்டு வரும் 17 வயதுப் பிள்ளையிடம் "இது ஞானத்தின் முதல் படி, இன்னும் தியானம் பண்ணு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது அவனை இன்னும் உள்ளே தள்ளும். தீவிரத் தியானப் பயிற்சியில் தொடங்கி, வேண்டாம் என்று நினைத்தாலும் நிறுத்த முடியாமல் தவித்தவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம், காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் குடும்பங்கள். அவர்களைத் திட்டாதீர்கள். கயிறு கட்டிக்கொள்ளட்டும், அதோடு நம் சொல்லையும் கேட்கட்டும்.

இனி, கண்டுபிடித்த பிறகு அந்த அறையிலேயே நீங்கள் சொல்ல வேண்டியதைப் பற்றி. இதுதான் இந்த மடலின் நோக்கம். பெயரைச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். இது உலகம் முழுக்க அறியப்பட்ட ஒரு நிலை, உங்களைப் போலப் பல பேர் இருக்கிறார்கள், இது மனச்சிதைவாக மாறுவதல்ல, மூளை அழுகிப்போவதல்ல என்று சொல்லுங்கள். பிறகு ஏன் வருகிறது என்று சொல்லுங்கள். நான் நோயாளிகளிடம் சொல்வது: "வீட்ல கரண்ட் அளவுக்கு மேல ஏறினா டிரிப்பர் விழுந்துடும் இல்ல? வயரிங் கெட்டுப்போகல, வீடு எரியாம இருக்கத்தான் அது விழுந்துச்சு. உங்களுக்கு அது விழுந்ததோட நிக்குது." இது ஆறுதலுக்காகச் சொல்லும் கதையல்ல. 1998-இல் சியராவும் பெரியோஸும் முன்வைத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்: அளவுக்கு மீறிய பதற்றத்தில் மூளையின் முன்பகுதி உணர்ச்சி மையங்களை அடக்கிவிடுகிறது. லண்டனில் 2001-இல் எடுத்த மூளைப் படங்களில், அருவருப்பான காட்சிகளைக் காட்டியபோது இந்த நோயாளிகளிடம் உணர்ச்சியோடு தொடர்புடைய இன்சுலா பகுதி வழக்கம் போல ஒளிரவில்லை, முன்மூளைப் பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது. வியர்வைச் சோதனையிலும் வெறுப்பூட்டும் படங்களுக்கு அவர்கள் தோலின் எதிர்வினை மந்தமாக இருந்தது. "எனக்கு எதுவும் உறைக்கல" என்று அவர்கள் சொல்வது உடம்பிலேயே பதிவாகிறது. நடிப்பு என்று நினைக்கும் குடும்பத்தாரிடம் இதை நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

நோய் நீடிப்பதற்குப் பயம்தான் எரிபொருள். உணர்வு வருகிறது, பைத்தியம் பிடிக்கிறது என்று அவர் பயப்படுகிறார், பயத்தில் பதற்றம் ஏறுகிறது, பதற்றம் உணர்வை அதிகமாக்குகிறது. போய்விட்டதா என்று பார்க்க நாளெல்லாம் கையைப் பார்க்கிறார், கண்ணாடியைப் பார்க்கிறார், இரவு முழுக்க இணையத்தில் தேடுகிறார், "நான் யார், இதெல்லாம் நிஜமா" என்று ஓயாமல் யோசிக்கிறார். கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிட்டால் உலகம் இன்னும் தூரமாகத்தான் போகும். எலெய்ன் ஹன்டர் குழுவினர் லண்டனில் உருவாக்கிய சி.பி.டி. சிகிச்சை இந்தச் சுழலைத்தான் அறுக்கிறது. சரியான பெயரும் சரியான விளக்கமும் கிடைத்த அன்றே சுழலின் முதல் கண்ணி தளர்ந்துவிடுகிறது. நான் மேலே சொன்ன மாணவி, விளக்கத்தைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் அழுதாள். பல மாதத்தில் முதல்முறையாக அழுகை வந்தது என்றாள். அன்றே குணமாகவில்லை. ஆனால் அடுத்த தடவை வந்தபோது உள்ளங்கையில் பிறைகள் இல்லை.

எதைச் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல, போங்க" என்பதை அவர் ஏற்கெனவே பல தடவை கேட்டுவிட்டார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி, ஆனால் அவருக்கு ஒன்றுமில்லை என்பது பொய். "ரொம்ப யோசிக்காதே" என்பதால் யாரும் யோசிப்பதை நிறுத்தியதில்லை. "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எதுவும் உறைக்காத நிலையில் ஒருவரை மணமேடையில் உட்கார வைப்பது இரண்டு உயிர்களுக்குக் கேடு.

மருந்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. ஃப்ளூவாக்சடினை வைத்து நடந்த முறையான சோதனையின் முடிவு 2004-இல் வந்தது. வெறும் மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை. லாமோட்ரிஜினில் முடிவுகள் இருபக்கமும் இருக்கின்றன. சிலருக்கு மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது பலன் தெரிகிறது. தோல் ஒவ்வாமை ஆபத்து இருப்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். உடன் இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை கொடுப்பது கட்டாயம், அது குறையும்போது இதுவும் பலருக்குக் குறைகிறது. தூக்க மாத்திரையாக அல்பிரசோலமோ குளோனசிபமோ எழுதி அப்படியே தொடர விடாதீர்கள். அவற்றைத் திடீரென்று நிறுத்தும்போதே இந்த உணர்வு கிளம்பும், நோயாளியும் தனக்கு நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒழுங்கான தூக்கம், கஞ்சாவை அடியோடு விடுவது, உடம்பு வியர்க்கும் வேலை, பாதியில் விட்ட படிப்பையோ விளையாட்டையோ உணர்வு திரும்பும் வரை காத்திராமல் தொடங்குவது, இவற்றை முதல் நாளே நீங்கள் சொல்லலாம்.

எங்களிடம் அனுப்பும்போது சீட்டில் "மனநலப் பிரிவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் பேருந்து நிலையத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நோயின் பெயர், எப்போது தொடங்கியது, தொடர்ந்து இருக்கிறதா விட்டுவிட்டு வருகிறதா, நிஜம் எது என்ற தெளிவு இருக்கிறது, வலிப்புக்கான அறிகுறி இல்லை, கஞ்சா உண்டா இல்லையா, தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். ஐ.சி.டி.-10 பயன்படுத்துபவர்கள் எஃப்48.1 என்றும், ஐ.சி.டி.-11-க்கு மாறியவர்கள் 6பி66 என்றும் குறிக்கலாம். அந்தக் குறியீடு ஏறினால்தான் நம் மாவட்டங்களிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது என்றைக்காவது தெரியவரும். பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாத ஊராக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணைச் சீட்டின் கீழே எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முடிந்தால் உங்கள் அறையிலிருந்தே முதல் அழைப்பைப் போட்டுக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன் மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் மனநல மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் அழைப்பை யாரும் தொந்தரவாக நினைக்க மாட்டோம்.

அன்புடன்,
ஒரு மனநல மருத்துவன்